மோன்டிசெல்லோ மலையும் திராட்சைத் தோட்டமும் சைடர் ஆலையும்: குடும்பத்தோடு போகிறவர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

வாஷிங்டனிலிருந்து தென்மேற்கே காரில் இரண்டரை மணி நேரம் போனால் வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில் வரும். ஊருக்கு வெளியே ஒரு சிறு மலையின் உச்சியில், அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் தனக்காகக் கட்டிக்கொண்ட மோன்டிசெல்லோ வீடு நிற்கிறது. அமெரிக்காவின் ஐந்து சென்ட் நாணயத்தில் 1938இல் இடம்பிடித்த வீடு அது. 1987இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமும் ஆனது. மலையைச் சுற்றியுள்ள மண்ணை, அதே பெயரில், தனித் திராட்சை வட்டாரமாக அரசு 1984இல் அங்கீகரித்தது. இன்று அங்கே ஏறக்குறைய நாற்பது ஒயின் ஆலைகள் இருக்கின்றன. நடுநடுவே ஆப்பிள் தோட்டங்களும், ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் சைடர் செய்யும் ஆலைகளும்.

வடக்கு வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் மாதங்களில் இந்தப் பக்கம் போவதுண்டு. பெரும்பாலும் நடப்பது இதுதான்: வீட்டின் முன்னால் நின்று ஒரு படம், ஆலையில் இரண்டு மணி நேரம், ஆப்பிள் தோட்டத்தில் ஒரு பை ஆப்பிள், திரும்பிவிடுவார்கள். இந்த மூன்றையும் தனித்தனி இடங்களாகப் பார்ப்பது பெரிய இழப்பு என்பது என் எண்ணம். ஜெஃபர்சன் நட்ட கொடிகள் ஏன் செத்தன, அவர் மேசைக்கு வந்த சைடரைப் பொறுப்பேற்று புட்டியில் அடைத்தது யார் என்று காலையில் தெரிந்துகொண்டால், பிற்பகலில் தோட்டக்காரர் சொல்வது ஒவ்வொன்றும் புரியும். கீழே இருப்பவை அந்த எண்ணத்தோடு எழுதியவை.

கிளம்பும் முன்

செய்ய வேண்டியவை

வீட்டைக் காலையிலும் குடிக்கும் இடங்களைப் பிற்பகலிலும் வையுங்கள். வழிகாட்டி பேசப் பேச நின்றுகொண்டே கேட்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பொறுமை இருப்பது காலையில்தான். மது உள்ளே போன பிறகு அந்த வீட்டின் கதையைக் கேட்கப் போவது முறையும் அல்ல. அது எத்தகைய கதை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டுக்குள் போக நேரம் குறித்த டிக்கெட் வேண்டும். முன்பே வாங்கிவிடுங்கள். வாகனம் நிறுத்துமிடம் மலையின் கீழே. அங்கிருந்து மேலே போகச் சிறு பேருந்து உண்டு. டிக்கெட்டில் இருக்கும் நேரம் வீட்டு வாசலில் நிற்க வேண்டிய நேரம் என்பதால் அரை மணி முன்னதாக வந்துவிடுவது நல்லது. முழங்கால் வலி உள்ள அம்மாவோ சக்கர நாற்காலியில் வரும் தாத்தாவோ கூட இருந்தால் தொலைபேசியில் சொல்லிவையுங்கள். கீழ்த்தளத்தைப் பார்ப்பதில் சிரமம் இல்லை. மாடிப் படிகள்தான் மிகக் குறுகலானவை, செங்குத்தானவை.

ஒரு ஒயின் ஆலை, ஒரு சைடர் ஆலை. ஒரு நாளைக்கு அவ்வளவு போதும். நான்கைந்து இடங்களுக்கு ஓடினால் எதுவும் மனதில் தங்காது. பிள்ளைகளுக்கோ அது வெறும் கார்ப் பயணமாகிவிடும்.

யார் வண்டி ஓட்டுவது என்பதை முதல் நாள் இரவே பேசி முடித்துவிடுங்கள். அந்த ஒருவர் அன்று ஒரு சொட்டும் தொடக்கூடாது. பல வீடுகளில் இந்த வேலை கேட்காமலே மனைவியின் தலையில் விழுகிறது. அவருக்கும் ருசி பார்க்க ஆசை இருக்கலாம், முறை மாற்றிக்கொள்ளுங்கள். யாருக்குமே ஓட்ட விருப்பமில்லை என்றால், தோட்டங்களுக்கு அழைத்துப்போகவே வாடகை வண்டிகள் அங்கே ஓடுகின்றன.

எட்டுப் பத்துப் பேராகப் போவதானால் ஆலைக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். பெரிய குழுக்களை முன்பதிவு இல்லாமல் ஏற்காத இடங்கள் பல. பிள்ளைகளை அனுமதிக்காத இடங்களும் சில உண்டு. இரண்டையும் ஒரே அழைப்பில் கேட்டுவிடலாம்.

செய்யக்கூடாதவை

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இலைகள் நிறம் மாறும் காலம், ஆப்பிள் பறிக்கும் காலம், திராட்சை அறுவடை முடியும் காலம் மூன்றும் ஒன்றாக வரும். மலைப்பாதையில் வண்டிகள் நகராது; ஆலையில் யாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது. வார நாள் ஒன்றில் விடுப்பு கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை.

ஒரே நாளில் இரண்டு ஜனாதிபதிகளின் வீட்டைப் பார்க்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஜேம்ஸ் மன்றோவின் ஹைலேண்ட் பக்கத்திலேயே இருக்கிறது. ஜேம்ஸ் மேடிசனின் மான்ட்பீலியர் வடக்கே சற்றுத் தள்ளி. இரண்டும் பார்க்க வேண்டியவை, வேறொரு நாள்.

சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள். ஒயினில் பாதி மணம். உங்கள் சட்டையிலிருந்து கிளம்பும் வாசனை உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்து மேசைக்கும் கிண்ணத்தை மறைத்துவிடும்.

மலை மேல்

செய்ய வேண்டியவை

நுழைகூடத்தில் நின்று கடிகாரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஜெஃபர்சன் சொல்லிச் செய்த ஏழு நாள் கடிகாரம் அது. பீரங்கிக் குண்டு போன்ற எடைகள் சுவரோரம் மெல்ல இறங்கும். சுவரில் கிழமைகளின் பெயர்கள் எழுதியிருக்கும். எடை எந்தப் பெயருக்கு நேரே நிற்கிறதோ அதுதான் அன்றைய கிழமை. அறையின் உயரம் போதாததால் தரையில் துளையிட்டார்கள். சனிக்கிழமை நிலவறையில் இருக்கிறது. வெளிச்சுவரில் இருக்கும் முகப்பில் மணி முள் மட்டும்தான் உண்டு, நிமிட முள் இல்லை. வயலில் வேலை செய்தவர்களுக்கு மணி தெரிந்தால் போதும் என்பது அந்த வீட்டின் கணக்கு. இந்த இடத்திலேயே, ‘யார் வேலை செய்தார்கள்?’ என்ற கேள்வியைப் பிள்ளையின் மனதில் போட்டுவிடலாம்.

சாப்பாட்டு அறையில் கணப்பின் இரண்டு பக்கமும் பாருங்கள். கதவைத் திறந்தால் உள்ளே சிறு தூக்கி. கீழே நிலவறையில் ஒருவர் புட்டியை வைத்தால் மேலே அது வந்து நிற்கும். விருந்தினர் கண்ணில் வேலைக்காரர் படாமல் ஒயின் மட்டும் வந்துசேர்ந்தது. விருந்தாளிகள் இதைப் புதுமை என்று வியந்தார்கள். அந்தத் தூக்கியின் கீழ் முனையில் நின்றவர்களைப் பார்க்கத்தான் அடுத்ததாகப் போக வேண்டும்.

மல்பெரி ரோவுக்கு நேரம் ஒதுக்குங்கள். வீட்டைப் பார்ப்பதற்கு எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு. காய்கறித் தோட்டத்தை ஒட்டிய அந்தப் பாதையில்தான் கொல்லுப் பட்டறையும் ஆணிப் பட்டறையும் குடிசைகளும் இருந்தன. தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர் ஜெஃபர்சன். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று விடுதலைப் பிரகடனத்தில் எழுதியவரும் அவரே. இந்த இரண்டையும் பிள்ளைகள் ஒன்றாகக் கேட்க வேண்டும். அடிமைத்தனம் குறித்துத் தனிச் சுற்று ஒன்றை வழிகாட்டிகள் நடத்துகிறார்கள், அதில் சேர்ந்துகொள்ளுங்கள்.

அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர்கள் சில. அர்சுலா கிரேஞ்சர்: ஜெஃபர்சன் வெளியூரில் இருந்தபோது, சைடரைப் புட்டியில் அடைக்கும் வேலையை நம்பி ஒப்படைக்கக்கூடிய, அதற்கான கைத்திறனும் உள்ள ஒரே ஆள் இவர்தான் என்று தன் மருமகனுக்கு எழுதினார். பீட்டர் ஹெமிங்ஸ்: சமையல்காரர், பிறகு பீர் வடிக்கக் கற்று அதில் தேர்ந்தவர். ஈடித் ஃபாசெட்: வெள்ளை மாளிகையில் பிரெஞ்சு சமையல் நிபுணரிடம் பழகி, பிறகு மோன்டிசெல்லோவின் தலைமைச் சமையல்காரர் ஆனவர். அவர் கணவர் ஜோசப் ஃபாசெட் கொல்லர். 1826 ஜூலை 4ஆம் தேதி ஜெஃபர்சன் இறந்தபோது கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல் இருந்தது. உயிலில் ஜோசப்புக்கு விடுதலை எழுதியிருந்தார்; ஈடித்துக்கும் பிள்ளைகளுக்கும் எழுதவில்லை. 1827 ஜனவரியில் நடந்த ஏலத்தில் மற்றவர்களோடு சேர்த்து அவர்களும் விற்கப்பட்டார்கள். மகன் பீட்டருக்கு அப்போது பதினொரு வயது. பின்னாளில் அவர் சின்சினாட்டியில் மதபோதகரானார். 1900இல் முதியவராக, சுதந்திர மனிதராக, இதே வீட்டைப் பார்க்கத் திரும்பி வந்தார்.

பதினொரு வயதுப் பிள்ளை உங்களோடு இருந்தால் பீட்டர் ஃபாசெட்டின் கதையைச் சொல்லுங்கள். வேறெதையும் விளக்கத் தேவையிருக்காது.

சாலி ஹெமிங்ஸின் அறைக்கும் போங்கள். 2018 முதல் அவர் வாழ்க்கையைச் சொல்லும் காட்சி தெற்குப் பகுதியில் இருக்கிறது. ஜெஃபர்சனின் மனைவி மார்த்தாவுக்கு ஒரே தந்தை வழியில் சகோதரி; அதே வீட்டில் அடிமை. ஜெஃபர்சனுக்கு அவர் பிள்ளைகள் பெற்றார் என்பதை இன்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்களும் வீட்டை நடத்தும் அறக்கட்டளையும் ஏற்கிறார்கள். சிறு பிள்ளைகளுக்கு எவ்வளவு சொல்வது என்பது பெற்றோரின் முடிவு. ‘மறுக்கும் உரிமை அவருக்கு இல்லை’ என்ற அளவிலாவது பதின்ம வயதுப் பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும் என்பேன்.

இதற்குப் பிறகு தோட்டத்துக்கு வாருங்கள். காய்கறிப் பாத்திகள் மலைச்சரிவில் 1000 அடி நீளத்துக்கு ஒரே மட்டத்தில் போகின்றன. அந்தச் சரிவை வெட்டிச் சமமாக்கியவர்களும் அடிமைகள்தான். பாத்திகளுக்குக் கீழே திராட்சைக் கொடிகள். 1807இல் ஜெஃபர்சன் ஐரோப்பாவின் 24 வகைத் திராட்சைகளை இங்கே நட்டார், ஒன்றும் உருப்படவில்லை. அமெரிக்க மண்ணில் இயல்பாகவே இருக்கும் ஃபில்லாக்சரா என்ற பேன் போன்ற பூச்சி ஐரோப்பியக் கொடியின் வேரைத் தின்றுவிடும். அமெரிக்கக் கொடிகள் அதைத் தாங்கும். கோடையின் ஈரத்தில் வரும் பூஞ்சை வேறு. இன்று அங்கே நிற்பவை அமெரிக்க வேர்மேல் ஐரோப்பியக் கிளையை ஒட்டியவை. ஊரில் ஒட்டு மாங்கன்று பார்த்த அப்பாவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அடித்தண்டில் அந்த முடிச்சைப் பேரப்பிள்ளைக்குக் காட்டும் வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

வீட்டின் தூண்களைப் படத்துக்குப் பின்னணியாக மட்டும் பார்த்துவிட்டு இறங்காதீர்கள். அடிமைகள் வசித்த குடிசைகளின் வாசலில் சிரித்தபடி குடும்பப் படம் எடுப்பதையும் தவிர்த்துவிடலாம்.

கீழே வாகனம் நிறுத்துமிடத்தின் அருகே மரங்களுக்கு நடுவில் அடிமைகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பெயர் தெரியாத சுமார் நாற்பது கல்லறைகள். அங்கே உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்காதீர்கள், பிள்ளைகளை ஓடி விளையாட விடாதீர்கள். ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

வழிகாட்டியிடம் வாதாடப் போக வேண்டாம், கேள்வி தாராளமாகக் கேளுங்கள். அங்கே இருப்பவர்கள் படித்துத் தேர்ந்தவர்கள். கடினமான கேள்வியை ஒதுக்கமாட்டார்கள்.

அறைக்குள் எதையும் தொடாதீர்கள். தீனி, தள்ளுவண்டி, முதுகுப்பை இவற்றை வெளியிலேயே விட வேண்டியிருக்கும். தொட்டுப் பார்த்தே தீர வேண்டும் என்கிற வயதுப் பிள்ளைகளுக்காகக் கீழே பார்வையாளர் மையத்தில் தனி அறை இருக்கிறது.

திராட்சைத் தோட்டத்தில்

எந்தத் தோட்டம் என்று கேட்டால் இரண்டு சொல்வேன். முதலாவது மோன்டிசெல்லோவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஜெஃபர்சன் வின்யார்ட்ஸ். பிலிப்போ மட்சேய் என்ற இத்தாலியர் 1773இல் வந்திறங்கி, ஜெஃபர்சன் தூண்டுதலில் திராட்சை நட்ட நிலத்தில் அது அமைந்திருக்கிறது. முதலில் உறைபனி அடித்தது. பிறகு அமெரிக்க விடுதலைப் போரில் சிறைப்பட்ட ஜெர்மானியத் தளபதி ஒருவர் அங்கே குடியிருந்தபோது அவர் குதிரைகள் கொடிகளை மிதித்து அழித்தன என்று ஜெஃபர்சனே எழுதிவைத்திருக்கிறார். இரண்டாவது, வடக்கே அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் பார்பர்ஸ்வில். இத்தாலியின் ட்சோனின் குடும்பம் 1976இல் தொடங்கிய ஆலை. அதை நிலைநிறுத்த வந்த காப்ரியேலே ரவுசே பின்னர் மோன்டிசெல்லோவின் தோட்டங்களையே கவனிக்கும் பொறுப்புக்கு வந்தார். வர்ஜீனியாவின் இன்றைய ஒயின் தொழிலுக்குத் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். பார்பர்ஸ்வில் வளாகத்துக்குள் ஜெஃபர்சன் வரைந்து கொடுத்த மாளிகை ஒன்றின் இடிபாடு இருக்கிறது. 1884 கிறிஸ்துமஸ் அன்று எரிந்தது. கூரையில்லாத செங்கல் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. அந்த வீட்டின் எண்கோண அறையை வைத்துத்தான் அவர்களின் முதன்மையான சிவப்பு ஒயினுக்கு ஆக்டகன் என்று பெயர். குடிக்காதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பார்க்க ஏதாவது வேண்டும் என்றால் பார்பர்ஸ்வில்தான் என் தேர்வு.

செய்ய வேண்டியவை

இந்த மண்ணுக்குப் பொருந்திய வகைகளைக் கேளுங்கள்: வெள்ளையில் வியோன்யே, பெட்டி மான்சாங், சிவப்பில் கேபர்னே ஃப்ரான்க், பெட்டி வெர்தோ. கலிஃபோர்னியாவில் கிடைப்பதையே இங்கும் கேட்பதில் பயன் இல்லை. பெட்டி மான்சாங்கின் தோல் தடிப்பு, பழங்கள் கொத்தில் நெருக்கமாக இராமல் காற்றோட்டமாக இருக்கும். அதனால்தான் வர்ஜீனியாவின் ஈரத்தில் அழுகாமல் நிற்கிறது. நார்ட்டன் என்ற வகையும் உண்டு. ரிச்மண்டைச் சேர்ந்த டாக்டர் நார்ட்டன் 1820களில் வளர்த்தெடுத்தது, அமெரிக்காவிலேயே பிறந்தது. கருநீலம், அழுத்தமான ருசி. எல்லாருக்கும் பிடிக்காது, ஒரு வாய் ருசித்துப் பாருங்கள்.

கிண்ணத்தைத் தண்டில் பிடியுங்கள். முதலில் மோந்து, பிறகு சிறிதாக ஒரு வாய். வெள்ளையிலிருந்து சிவப்புக்கு, இனிப்பில்லாததிலிருந்து இனிப்புக்கு என்ற வரிசையில் அவர்களே ஊற்றுவார்கள், மாற்ற வேண்டாம். பிடிக்காததை மேசையில் இருக்கும் வாளியில் கொட்டிவிடலாம், வாயில் இருப்பதைத் துப்பவும் செய்யலாம். அங்கே அது அவமரியாதை அல்ல, தொழிலில் இருப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

அளவைக் கணக்கிட்டுக்கொண்டே இருங்கள். ஐந்து வகை, ஒவ்வொன்றும் 30 மில்லி என்றால் 150 மில்லி. அது ஒரு முழுக் கோப்பை. சில இடங்களில் 60 மில்லி ஊற்றுவார்கள். அப்போது இரண்டு கோப்பை. ‘ருசி பார்த்தேன், குடிக்கவில்லை’ என்ற பேச்சு உடம்புக்குத் தெரியாது. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் நடுவில் தண்ணீர் குடியுங்கள்.

சைவக் குடும்பம் என்றால் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: ஒயினைத் தெளியவைக்க எதைப் பயன்படுத்தினீர்கள்? முட்டையின் வெள்ளைக்கரு, பால் புரதம், ஜெலட்டின், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் ஆகியவை இதற்கு வழக்கமாகப் பயன்படுபவை. களிமண் போட்டுத் தெளியவைப்பதும் உண்டு. தெளியவைக்காமலே அடைப்பதும் உண்டு. புட்டியின் மேல் இதைப் பெரும்பாலும் எழுதமாட்டார்கள். ‘வீகன் ஒயின் எது?’ என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள்.

வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு எலுமிச்சைச் சாதமும் தயிர்சாதமும் எடுத்துப்போங்கள். பல ஆலைகள் தங்களிடம் சீஸ், ரொட்டி விற்பதால் வெளியிலிருந்து கொண்டுவருவதை விரும்புவதில்லை. அப்படி என்றால் மலையிலிருந்து இறங்கியதும் எங்காவது சாப்பிட்டுவிட்டே போக வேண்டும். வெறும் வயிற்றில் யாரும் கிண்ணத்தைத் தொட வேண்டாம்.

குடிக்காதவர்களுக்கு நல்ல இடமாகப் பார்த்து உட்காரவையுங்கள். தோட்டத்தை ஒட்டிய மேசை, நிழல், குடிக்க ஏதாவது. அம்மாவை ஓர் ஓரத்தில் பைகளுக்குக் காவலாக உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் உள்ளே போவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். கொடியைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் அவருக்குக் கேட்க ஆயிரம் இருக்கும். ஏப்ரலில் உறைபனி இரவுகளில் துளிரை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள் என்று கேளுங்கள். தோட்டக்காரர் பதில் சொல்ல, நீங்கள் அம்மாவுக்குத் தமிழில் சொல்ல, அந்தப் பிற்பகல் அவருக்கும் சொந்தமாகும்.

செய்யக்கூடாதவை

குடிக்காதவர்களை ‘ஒரு வாய்தானே’ என்று வற்புறுத்தாதீர்கள். மருமகன் சொன்னால் மாமனார் மறுக்கத் தயங்குவார், மாமியார் சொன்னால் மருமகள் தயங்குவார். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு மது பல மணி நேரம் கழித்துக்கூடச் சர்க்கரையைத் தாழ்த்திவிடும். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. கர்ப்பிணிகளுக்கு எந்த அளவும் பாதுகாப்பானது அல்ல.

21 வயது நிறையாதவர்களுக்கு உங்கள் கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். கல்லூரிக்குப் போகிற பெண்ணும் பையனும் வந்திருந்தால் இது உறுதியாகவே இருக்கட்டும். ஆலையின் உரிமமே அதில் அடங்கியிருக்கிறது. பெரியவர்களும் வயதைக் காட்டும் அடையாள அட்டை இல்லாமல் போக வேண்டாம். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அது பாஸ்போர்ட்.

கொடியில் தொங்கும் திராட்சையைப் பறித்துத் தின்னவோ பிள்ளைகளைத் தின்னவிடவோ கூடாது. அது அவர்களின் ஓராண்டு உழைப்பு என்பது முதல் காரணம். ஈரமான இந்த ஊரில் பூஞ்சைக் கொல்லி அடிக்காமல் திராட்சை விளைவது அரிது என்பது இரண்டாவது. வரிசைகளுக்குள் ஓடிப்பிடித்து விளையாடுவதும் ஆபத்து: இழுத்துக் கட்டிய கம்பிகள் குழந்தையின் முகத்துக்கு நேரே இருக்கும், மானைத் தடுக்க மின்வேலி போட்டிருக்கலாம், டிராக்டர் வரும்.

ஊறுகாயோ மிளகாய் பஜ்ஜியோ சாப்பிட்ட கையோடு சிவப்பு ஒயினுக்குப் போகாதீர்கள். துவர்ப்பும் ஆல்கஹாலும் காரத்தை இரண்டு மடங்கு எரியவைக்கும். காரத்தோடு சேர்வது இலேசான இனிப்புள்ள வெள்ளை ஒயின். அதைவிடப் பொருத்தம் சைடர்.

சைடர் ஆலையில்

சைடரைப் பற்றி நம்மவர்களுக்குத் தெரிந்தது குறைவு. எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். மோன்டிசெல்லோவில் ஒயின் கனவாகவே முடிந்தது. சைடர் அன்றாடம் மேசைக்கு வந்தது. வடக்குச் சரிவில் அதற்கென்றே ஒரு பழத்தோட்டம் இருந்தது. ஹியூஸ் கிராப் என்ற, நெல்லிக்காயைவிடச் சற்றே பெரிய ஆப்பிள். கடித்தால் புளிப்பும் துவர்ப்பும். சைடருக்கு அதுதான் வேண்டும். கடையில் வாங்கும் இனிப்பு ஆப்பிளில் சர்க்கரை இருக்கும், துவர்ப்பு இருக்காது. அதை வடித்தால் தண்ணீராக இருக்கும். வர்ஜீனியாவில் 1916இல் மதுவிலக்கு வந்தது. குடிப்பதற்கென்றே வளர்த்த ஆப்பிள் வகைகள் பல மறந்துபோயின. அவற்றை மறுபடி தேடிப்பிடித்து ஒட்டுப்போட்டு வளர்த்தவர்களால்தான் இன்று இந்த ஆலைகள் இருக்கின்றன.

செய்ய வேண்டியவை

நார்த் கார்டனில் இருக்கும் ஆல்பமார்ல் சைடர்வொர்க்ஸைப் பாருங்கள். பழைய ஆப்பிள் வகைகளைச் சேர்த்து வளர்த்த ஷெல்டன் குடும்பத்தின் தோட்டத்திலிருந்து 2009இல் உருவானது. ஒரே வகை ஆப்பிளில் வடித்த சைடரைக் கேளுங்கள். கலவையில் தெரியாதது அதில் தெரியும். கெஸ்விக்கில் இருக்கும் காஸில் ஹில்லில், ஜார்ஜியா நாட்டிலிருந்து வந்த க்வெவ்ரி தாழிகளை மண்ணில் புதைத்துச் சைடரைப் புளிக்கவைத்திருக்கிறார்கள். தாழி என்ற சொல்லோடு வளர்ந்த பெரியவர்கள் அதன் முன்னால் நின்று நிறையப் பேசுவார்கள்.

ஆல்பமார்ல் பிப்பின் என்ற ஆப்பிளைத் தேடி வாங்குங்கள். பச்சை கலந்த மஞ்சள் நிறம், பார்வைக்கு எடுப்பாக இராது. இந்த வட்டாரத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஸ்டீவன்சன் 1830களில் பிரிட்டனுக்கு அமெரிக்கத் தூதராகப் போனபோது விக்டோரியா மகாராணிக்கு இதைப் பரிசளித்தார் என்றும், ருசித்த மகாராணி இதற்கு இறக்குமதி வரியை நீக்கினார் என்றும் இங்கே எல்லாரும் சொல்வார்கள்.

லேபிளைப் படியுங்கள். தோட்டக் கடையில் பெரிய ஜாடியில் விற்கும் ஆப்பிள் சைடர் வடிகட்டாத சாறு மட்டுமே, பிள்ளைகள் குடிக்கலாம். ஹார்ட் சைடர் என்பதில்தான் மது. பல ஆலைகளில் இரண்டும் இருக்கும், நிறமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். பிள்ளை கையில் டம்ளரைக் கொடுக்கும் முன் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

‘சாறுதானே’ என்று நினைத்து மளமளவென்று குடிக்காதீர்கள். குமிழியும் குளிர்ச்சியும் மதுவை மறைக்கும். ஐந்து சதவீதத்திலிருந்து எட்டுச் சதவீதத்துக்கு மேலும் போகும், பீரைவிடக் கூடுதல்.

முதல் வாயில் இனிப்பு இல்லையே என்று ஒதுக்கிவிடாதீர்கள். சர்க்கரை முழுவதும் புளித்துத் தீர்ந்த சைடர் அப்படித்தான் இருக்கும். இரண்டாவது வாயில் ஆப்பிள் தெரியும்.

மேசையில் டிப் வைக்காமல் எழுந்துவராதீர்கள். பிடித்திருந்தால் ஒரு புட்டி வாங்குங்கள்; ஆண்டு உறுப்பினராகச் சேரச் சொல்வார்கள், வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள்.

திரும்பும்போது

குடித்தவர் யாரும் ஓட்டுநர் இருக்கையில் உட்காரக்கூடாது. இரத்தத்தில் 0.08 என்பது வர்ஜீனியாவின் சட்ட எல்லை. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இருட்டில் வளைந்து இறங்கும் குறுகலான சாலையில் அந்த எண்ணை எல்லையாக வைத்துப் பார்ப்பதே தவறு. காபி குடித்தாலும் முகம் கழுவினாலும் மது வேகமாக இறங்காது. உடம்பு ஒரு கோப்பையைக் கரைக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும், நேரத்தைத் தவிர வேறு மருந்து இல்லை. திறந்த புட்டியை அடைத்து டிக்கியில் வையுங்கள், இருக்கையின் கீழே வேண்டாம்.

கோடையில் புட்டிகளைக் காரிலேயே விட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு நடந்துபோகாதீர்கள். மூடிய காரின் சூட்டில் ஒயின் கெட்டுவிடும். ஒரு குளிர்பெட்டி இருந்தால் போதும்.

மலைப்பாதையில் தொலைபேசிச் சிக்னல் விட்டுவிட்டு வரும். வழிப்படத்தைக் காலையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றைப் புரட்டும் பிள்ளைக்கு முன்னாலேயே மாத்திரை கொடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாருடைய காலையும், காதின் பின்புறத்தையும், முழங்காலின் பின்மடிப்பையும் பாருங்கள். வர்ஜீனியாவின் புல்வெளியில் உண்ணி உண்டு. லைம் நோய் அதன் மூலம் பரவும். கடித்து ஒட்டிக்கொண்டிருந்தால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். நசுக்காதீர்கள், நெருப்பு வைக்காதீர்கள். சில நாளிலோ சில வாரங்களிலோ காய்ச்சலோ வட்டமான தடிப்போ வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாங்கிவந்த பிப்பின் ஆப்பிள்களை உடனே தின்று தீர்க்க வேண்டாம். பறித்த புதிதில் புளிப்பு தூக்கலாக இருக்கும். துளையிட்ட பையில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் புளிப்பு அடங்கி மணம் ஏறியிருக்கும். பொங்கல் வரையிலும் தாங்கும்.